பணக்கார வெளிநாட்டு உரிமையாளர் வந்த பிறகு மைதானம் யாருடையது?

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி, வேலூர்)

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை இரவுகளில் பிரீமியர் லீக் ஆட்டங்களைச் சேர்ந்து பார்க்கும் சிறு நண்பர் வட்டம் எங்களுடையது. பெரும்பாலோர் மான்செஸ்டர் யுனைடெட் பக்கம். ஒருவர் மட்டும் மான்செஸ்டர் சிட்டி. தன் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்குப் பக்கத்திலேயே 1,00,000 பேர் அமரக்கூடிய புதிய அரங்கத்தைச் சுமார் 200 கோடி பவுண்டு செலவில் கட்டப்போவதாக யுனைடெட் 2025 மார்ச்சில் அறிவித்தது முதல் எங்களுக்குள் ஒரு வாதம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

சிட்டி ரசிகரான நண்பரின் கட்சி எளிமையானது: அபுதாபியின் ஷேக் மன்சூர் 2008-இல் வந்தார், பணத்தைக் கொட்டினார், கோப்பைகள் குவிந்தன, ஆகவே பணக்கார உரிமையாளர் அமைவதைவிடப் பெரிய நற்பேறு ஒரு கிளப்புக்கு இல்லை என்கிறார். அமெரிக்காவின் கிளேசர் குடும்பமும் பணக்காரக் குடும்பம்தான். அப்படியிருக்க, 2005-இல் அவர்கள் வாங்கிய பிறகு, அதுவரை கடன் இல்லாதிருந்த யுனைடெட் எப்படிக் கடனாளி ஆயிற்று? வாங்கியவர் ஒருவர், கடன் சுமப்பவர் வேறொருவர் என்பது எப்படிச் சாத்தியம்? இரண்டாவதாக, ஒளிபரப்பு உரிமையில் இவ்வளவு பணம் வரும் காலத்தில், எல்லாக் கிளப்புகளும் ஏன் அரங்கம் கட்டுவதிலேயே குறியாக இருக்கின்றன? விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்; நீளமாக இருந்தாலும் நாங்கள் சேர்ந்து படிப்போம்.

ஓய்வுபெற்ற வங்கியாளர் (குடியாத்தம்)

தம்பி, என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கடன் பிரிவில் கழிந்தது என்பதால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

மால்கம் கிளேசர் யுனைடெட்டை வாங்கிய விலை ஏறத்தாழ 79 கோடி பவுண்டு. அதில் பெரும்பகுதி அவர் கைப்பணம் அல்ல, கடன். அந்தக் கடனில் ஒரு பெரும்பங்குக்கு கிளப்பின் சொத்துகளே ஈடாக வைக்கப்பட்டன. வட்டி கட்டும் பொறுப்பும் கிளப்பின் வருமானத்தின் மேல் விழுந்தது. ஒரு வீட்டை வாங்க வந்தவர், அந்த வீட்டையே அடமானம் வைத்துப் பணம் புரட்டி, தவணையை அங்கே குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்து கட்டியதைப் போன்றது இது. பெருநிறுவனங்களை வாங்கும்போது உலகெங்கும் கையாளப்படும் வழிதான். இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்குத் தடை இருக்கவில்லை. ஆனால் வாங்கப்படும் நிறுவனத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. புதிய இயந்திரம் வாங்கவோ கட்டடம் எழுப்பவோ வாங்கிய கடனாக இருந்தால், அதைத் திருப்பிக் கட்டும் வருமானத்தை அந்தக் கடனே உண்டாக்கும். உரிமையாளரின் பெயரை மாற்றுவதற்காக வாங்கிய கடன் ஓர் இருக்கையைக்கூடக் கூட்டாது.

2010-இல் சுமார் 50 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பழைய கடனைப் புதுக் கடனாக மாற்றினார்கள். 2012-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்குக் கிளப்பைக் கொண்டு சென்றபோது, பொதுமக்கள் வாங்கும் பங்குக்கு ஒரு வாக்கு, குடும்பத்தார் வைத்திருக்கும் பங்குக்குப் பத்து வாக்கு என்று வகுத்துக்கொண்டார்கள். வட்டி, கடன் செலவு, பங்காதாயம் என்று இத்தனை ஆண்டுகளில் கிளப்பைவிட்டு வெளியேறிய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டும். அதே காலத்தில் ஓல்ட் டிராஃபோர்டு என்ன ஆயிற்று? 2006-இல் வடக்குப் பார்வையாளர் மாடத்தின் இரு மூலைகளையும் உயர்த்தி இணைத்ததற்குப் பிறகு பெரிய விரிவாக்கம் எதுவும் இல்லை. 2024 மே மாதம் ஆர்சனலுடனான ஆட்டம் முடிந்த நேரத்தில் பெய்த மழையில், கூரையிலிருந்து நீர் அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது.

இதை எதிர்த்த ரசிகர்கள் 2005-லேயே எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற தனிக் கிளப்பைத் தொடங்கினார்கள். 2015-இல் தங்களுக்கென்று ஒரு மைதானமும் கட்டிக்கொண்டார்கள். அந்தச் செயல் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆயினும் வெளிநாட்டார் என்பதையே குற்றமாகச் சொல்ல நான் உடன்பட மாட்டேன். லிவர்பூலை 2007-இல் வாங்கிய டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லெட் இருவரும் அமெரிக்கர்கள். அறுபது நாளில் புதிய அரங்கத்துக்கு மண்வெட்டி விழும் என்ற உறுதிமொழி கொடுக்கப்பட்டது, எதுவும் கட்டப்படவில்லை. கடன் கொடுத்த வங்கி கழுத்தைப் பிடிக்க, வழக்கு நீதிமன்றம் வரை சென்று, 2010 அக்டோபரில் 30 கோடி பவுண்டுக்குக் கிளப் கைமாறியது. வாங்கிய பாஸ்டன் குழுவினரும் அமெரிக்கர்களே. அவர்கள் புது அரங்கக் கனவைக் கைவிட்டு, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டின் பிரதான மாடத்தை 2016-இலும் ஆன்ஃபீல்டு சாலைப் பக்க மாடத்தை அதற்குப் பின்னும் உயர்த்தினார்கள். இன்று அங்கே 60,000 பேருக்கு மேல் அமரலாம். எந்த நாட்டுக்காரர் என்பதை விட்டுவிடுங்கள். கடன் யார் பெயரில் வாங்கப்பட்டது, அதைக்கொண்டு என்ன கட்டப்பட்டது என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

தோல்நகர்க் கணக்கர் (ஆம்பூர்)

ஐயா எழுதியதில் கடன் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். நான் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு முதலீடு என்றதும் ஐயப்படுகிற பேச்சை அன்றாடம் கேட்கிறவன். எனவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பாலாற்றங்கரை நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒளிபரப்புப் பணம் பெரியதுதான். ஆனால் அது எல்லோருக்கும் பங்கிடப்படும் பணம். உங்கள் கிளப்புக்குக் கூடுகிறபோது எதிராளிக்கும் கூடுகிறது. அரங்கத்தில் வரும் பணமோ, லீக் ஆட்டங்களைப் பொறுத்தவரை, சொந்த மைதானத்துக்காரருக்கே முழுமையாகச் சேருவது. ஆர்சனல் 2006-இல் 38,000 பேர் கொள்ளும் ஹைபரியை விட்டு 60,000 பேர் கொள்ளும் எமிரேட்ஸ் அரங்கத்துக்குச் சென்றதன் காரணம் அதுதான். அதற்கு ஆன 39 கோடி பவுண்டில் பெரும்பகுதி கடன். ஐயா சொன்ன நல்ல வகைக் கடன் அது, ஆனாலும் வலிக்காமல் இல்லை: முன்னணி ஆட்டக்காரர்களான ஃபாப்ரிகாஸும் வான் பெர்சியும் விற்கப்பட்டார்கள், 2005-க்கும் 2014-க்கும் இடையே ஒரு கோப்பைகூட இல்லை, பழைய ஹைபரி அடுக்குமாடிக் குடியிருப்பாயிற்று. டாட்டன்ஹாம் 2019-இல் திறந்த அரங்கத்தின் செலவு ஏறக்குறைய 100 கோடி பவுண்டு. அங்கே புல்தரை மூன்று பகுதிகளாகப் பிரிந்து தெற்கு மாடத்தின் அடியில் நகர்ந்து போய்விடும். அதன் கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை தயாராக இருக்கும். இசை நிகழ்ச்சி, குத்துச்சண்டை என்று ஆண்டு முழுவதும் வாடகை வருகிறது. ஆட்ட நாள் வருமானம் மட்டுமே ஆண்டுக்கு 10 கோடி பவுண்டைக் கடந்துவிட்டது. நிறுவனங்கள் விருந்தோடு வாங்கும் உயர்விலை இருக்கைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு காரணம் விதிமுறை. மூன்று பருவங்களில் சேர்த்து 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது என்று பிரீமியர் லீக் வரம்பு வைத்தபோது, அரங்கம் கட்டவும் இளையோர் பயிற்சிக்கும் ஆகும் செலவை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆட்டக்காரரை வாங்க வரம்பின்றிப் பணம் கொட்ட முடியாத உரிமையாளர், கட்டடத்தில் கொட்டலாம். பத்தாண்டு கழித்து அந்தக் கட்டடத்தின் வருமானம் ஆட்டக்காரரை வாங்கித் தரும்.

இந்த அளவு பணம் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் இருப்பது அரிது. எவர்ட்டன் 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு, துறைமுகக் கரையில் கட்டிய புதிய அரங்கத்துக்கு 2025-இல்தான் குடியேறியது. பிரிட்டிஷ்-ஈரானியரான ஃபர்ஹாத் மோஷிரி தொடங்கி, பணம் திணறி, 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபிரைட்கின் குழுமம் வாங்கிய பிறகே கிளப் மூச்சுவிட்டது. பெரும்பணம் வராமல் அந்தச் செங்கல் எழுந்திருக்காது.

அரசே கட்டித் தரும் வழியும் இருக்கிறது. மான்செஸ்டர் சிட்டியின் அரங்கம் 2002 காமன்வெல்த் போட்டிக்காகப் பொதுப் பணத்தில் எழுந்தது. இன்றும் மாநகராட்சிக்குச் சொந்தம், கிளப் நீண்டகாலக் குத்தகைதாரர் மட்டுமே. சிட்டி ரசிகரான உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: ஷேக் வாங்கியது கிளப்பைத்தான், மைதானத்தை அல்ல. லண்டனின் வெஸ்ட் ஹாம் கிளப்பின் கதை வரி கட்டுவோருக்கு இன்னும் கசப்பானது. அது குடியேறிய 2012 ஒலிம்பிக் அரங்கத்தைக் கால்பந்துக்கு ஏற்ப மாற்ற 32.3 கோடி பவுண்டு ஆயிற்று. கிளப் கொடுத்தது 1.5 கோடி. 99 ஆண்டுக் குத்தகை, தொடக்க வாடகை ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு. ஆட்ட நாள் பாதுகாப்புச் செலவு வரை பொது அமைப்பே ஏற்றது. இதைவிட அபுதாபிப் பணமோ அமெரிக்கப் பணமோ மேல் என்பேன். இழந்தால் அவர்கள் பணம் போகும், ஊர்ப்பணம் போகாது.

காட்பாடிச் செவிலி (இப்போது கவென்ட்ரி, இங்கிலாந்து)

வணக்கம். வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து இங்கே பணிக்கு வந்தவள் நான். ஆம்பூர் அண்ணனின் கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இந்த ஊரில் போனது பணம் மட்டும் அல்ல.

கவென்ட்ரி சிட்டி ஹைஃபீல்டு ரோடு மைதானத்தில் 1899 முதல் ஆடிய கிளப். கடன் நெருக்கடியில் அந்த நிலத்தை விற்று, 2005-இல் நகரின் வடக்கே 32,000 பேர் கொள்ளும் புதிய அரங்கத்துக்குச் சென்றது. ஆனால் அந்த அரங்கத்தில் தனக்குரிய பங்கையும் கிளப் முன்பே ஓர் அறக்கட்டளையிடம் விற்றுவிட்டது. எனவே ஆண்டுக்கு 12 லட்சம் பவுண்டுக்கு மேல் வாடகை கட்ட வேண்டும். உணவு விற்பனையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் வரும் பணம் கிளப்புக்குக் கிடையாது. ஆம்பூர் அண்ணன் சொன்ன அரங்க வருமானம் முழுவதும் அடுத்தவர் வீட்டுக் கல்லாவில் விழுந்தது. 2007 டிசம்பரில் வாங்கியவர்கள் லண்டனைச் சேர்ந்த ஒரு முதலீட்டு நிதி நிறுவனத்தார். வெளிநாட்டுப் பெருஞ்செல்வர் அல்லர் என்பதைக் குடியாத்தம் ஐயா கவனிக்க வேண்டும். அவர்கள் 2012-இல் வாடகையை நிறுத்தினார்கள். வழக்கு முற்றி, 2013-14 பருவத்தில் கவென்ட்ரியின் ‘சொந்த’ ஆட்டங்கள் முப்பத்தைந்து மைல் தொலைவில் உள்ள நார்த்தாம்ப்டனில் நடந்தன.

அந்த ஆண்டைப் பற்றி என்னோடு வேலை செய்யும் மூத்தவர்கள் இப்போதும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். உள்ளே சென்று டிக்கெட் வாங்கினால் அந்த உரிமையாளருக்குப் பணம் சேரும் என்பதால், மைதானத்துக்கு வெளியே இருந்த மேட்டில் ஏறி நின்று ஆட்டம் பார்த்தவர்கள் உண்டு. நான்காம் நிலை லீக் வரை கிளப் இறங்கியது. அரங்கத்தை 2014-இல் ஒரு ரக்பி கிளப் வாங்கிவிட்டது. 2019 முதல் இரண்டு பருவங்கள் மீண்டும் வெளியூரில், இம்முறை பர்மிங்காமில். பிறகு அந்த ரக்பி கிளப்பே திவாலாகி, அரங்கம் சில்லறை வணிகப் பெருநிறுவனம் ஒன்றிடம் போயிற்று. 2023 ஜனவரியில் கிளப்பை வாங்கிய புதிய உரிமையாளர் டக் கிங், 2025 ஆகஸ்டில் அரங்கத்தையும் கிளப்புக்காக வாங்கினார். ஹைஃபீல்டு ரோட்டை விட்டு இருபது ஆண்டுகள் கழித்துச் சொந்த இடம் கிடைத்திருக்கிறது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வார்டில் கால்பந்தே தெரியாதவர்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள்.

ஊர்ப்பணம் போகாது என்று சொன்னீர்கள், அண்ணா. உரிமையாளர் இழந்தால் வேறு தொழிலுக்குப் போய்விடுவார். ஊருக்குத் திரும்ப வேறு கிளப் கிடையாது.

வாலாஜாவின் நீலச்சட்டை (வாலாஜாபேட்டை)

சகோதரி எழுதியதற்கு நேர் எதிரான உதாரணம் எங்கள் செல்சியில் இருக்கிறது. ரஷ்யப் பெருஞ்செல்வர் ரோமன் அப்ரமோவிச் 2003-இல் 14 கோடி பவுண்டுக்கு வாங்கிய கிளப்பில் பின்னர் கடனாக இட்ட தொகை 150 கோடி பவுண்டு. அவ்வளவு பணம் படைத்தவரால் வாங்க முடியாமல் போனது செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜின் புல்தரையைத்தான்.

1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் அந்த நிலம் கட்டுமான வியாபாரிகளின் கைக்குப் போய், கிளப் வெளியேற்றப்படும் அபாயம் இருந்தது. மீண்ட பிறகு, இனி ஒருபோதும் அந்த நிலை வரக்கூடாது என்று ‘செல்சி பிட்ச் ஓனர்ஸ்’ என்ற அமைப்பை 1993-இல் உருவாக்கி, ரசிகர்களுக்கு அதில் பங்கு விற்றார்கள். மைதான நிலத்தின் முழு உரிமை அந்த அமைப்பிடம். கிளப் அதனிடம் நீண்ட குத்தகை பெற்றிருக்கிறது. எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு 100 வாக்குக்கு மேல் இல்லை. அனைத்துக்கும் மேலாக, அந்த இடத்தைவிட்டுப் போகும் கிளப் அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் ‘செல்சி ஃபுட்பால் கிளப்’ என்ற பெயரைப் பயன்படுத்த முடியாது. 2011-இல் அப்ரமோவிச் காலத்து நிர்வாகம் அந்த நில உரிமையைத் திரும்ப வாங்க முயன்றது. 75 விழுக்காடு ஆதரவு வேண்டியிருந்தது, கிடைத்தது 62-ஐ ஒட்டித்தான். தோற்றது.

2022 மார்ச்சில் ரஷ்யாவின் உக்ரைன் போரை அடுத்து அவருடைய சொத்துகள் முடக்கப்பட்டு, கிளப் சில வாரங்களுக்குப் புதிதாக டிக்கெட்கூட விற்க முடியாத நிலைக்கு வந்தது. மே மாதம் அமெரிக்கரான டாட் போலியும் கிளியர்லேக் முதலீட்டு நிறுவனமும் 250 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். உரிமையாளர் ஒரே இரவில் இல்லாமல் போனாலும் ஆடுவதற்கு இடம் இருந்தது. இன்று செல்சிக்கு 40,000 இருக்கை போதவில்லை, வருமானத்தில் ஆர்சனலுக்கும் டாட்டன்ஹாமுக்கும் பின்தங்குகிறோம், பெரிய அரங்கத்துக்குப் போவதற்கு இந்த அமைப்பே தடை என்று புலம்பும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தத் தடை வேண்டும்.

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவற்றைச் சத்தமாகப் படித்தபோது சிட்டி நண்பர் மாநகராட்சிக் குத்தகை பற்றிய வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். இன்னும் இரண்டு ஐயங்கள். நம் நாட்டில் வெளிநாட்டு உரிமையாளர் அனுபவம் எப்படி? ஒரு கிளப்பின் மைதானமும் கடனும் யார் பெயரில் இருக்கின்றன என்பதை வேலூரில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வழி உண்டா?

இராணிப்பேட்டை வாசகர்

முதல் கேள்விக்குச் சுருக்கமாக. மான்செஸ்டர் சிட்டியை நடத்தும் சிட்டி ஃபுட்பால் குழுமம் 2019 நவம்பரில் மும்பை சிட்டியின் 65 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அவர்கள் காலத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பை இருமுறை வந்தது. லீக்கின் எதிர்காலமே உறுதியில்லாமல் போனபோது, 2025 டிசம்பரில் விலகிவிட்டார்கள். ஆடிய அரங்கம் அந்தேரியின் பொது விளையாட்டு வளாகம். எடுத்துச் செல்லவோ விற்கவோ அவர்களுக்கு அங்கே எதுவும் இல்லை. சென்னையின் எஃப்சியும் அரசின் நேரு விளையாட்டரங்கத்தில்தான் ஆடுகிறது. அடமானம் வைத்து இழக்க மைதானம் இல்லை என்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் கவென்ட்ரிச் சகோதரி சொன்ன வாடகைதாரர் நிலையும் அதுவே: டிக்கெட்டைத் தாண்டி அரங்கத்தில் பணம் ஈட்ட வழியில்லாத கிளப், உரிமையாளரின் கைப்பணத்தை நம்பியே ஒவ்வோர் ஆண்டும் நிற்கிறது. வேலூரில் ஒரு நேதாஜி விளையாட்டரங்கத்தைப் பராமரிப்பதே அரசின் வேலையாக இருக்கும் நம் சூழலில், கிளப் தானே அரங்கம் கட்டும் நாள் அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீண்டகாலக் குத்தகையும் கடை வருமானத்தில் பங்கும் கொடுத்தாலே பாதிக் கிணறு தாண்டியதாகும்.

ஓய்வுபெற்ற வங்கியாளர் (குடியாத்தம்)

தம்பி, இரண்டாவது கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வழி உண்டு, செலவும் இல்லை.

நாம் ஒரு மனை வாங்கும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுப்பதுபோல, இங்கிலாந்தில் பதிவான எந்த நிறுவனத்தின் மீதும் என்னென்ன அடமானப் பொறுப்புகள் உள்ளன என்பதை ‘கம்பெனீஸ் ஹவுஸ்’ என்ற அரசுப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கடன் கொடுத்தவர் யார், எந்தத் தேதியில், கடன் தீர்ந்ததா இல்லையா என்பதெல்லாம் அங்கே இருக்கும். கிளப்பின் பெயரை மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். மைதானம் பெரும்பாலும் வேறொரு துணை நிறுவனத்தின் பெயரில் இருக்கும். டெர்பி கவுன்டி, ஷெஃபீல்டு வென்ஸ்டே ஆகிய கிளப்புகள் நட்டக் கணக்கைச் சரிக்கட்டத் தங்கள் மைதானத்தைத் தங்கள் உரிமையாளரின் வேறு நிறுவனத்துக்கே விற்றன. இரண்டும் பிற்பாடு நொடித்து, நொடித்த நிறுவனங்களை நடத்த நியமிக்கப்படும் நிர்வாகிகளின் கைக்குப் போயின. ஷெஃபீல்டின் அப்போதைய உரிமையாளர் தாய்லாந்துக்காரர், டெர்பியின் அப்போதைய உரிமையாளர் அந்த ஊர்க்காரர்.

2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் இதற்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. முதல் ஐந்து நிலை லீக்குகளில் உள்ள கிளப்புகள் தங்கள் மைதானத்தை விற்கவோ கடனுக்கு ஈடு வைக்கவோ புதிய ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம்.

யுனைடெட்டைப் பொறுத்தவரை இன்னும் எளிது. நியூயார்க் சந்தையில் பதிவான நிறுவனம் என்பதால், ஜூன் 30-இல் முடியும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் விரிவான ஆண்டறிக்கையை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாக்கல் செய்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் அதைப் பதிவிறக்கி, கடன்கள் பற்றிய பகுதியையும், அவற்றுக்கு ஈடாக எந்தச் சொத்துகள் வைக்கப்பட்டுள்ளன என்ற குறிப்பையும் முதலில் படியுங்கள். 200 கோடி பவுண்டு அரங்கத்துக்குப் பணம் திரட்டத் தொடங்கியதும் அந்தக் கடன் கிளப்பின் பெயரில் வருகிறதா, தனி நிறுவனம் ஒன்றின் பெயரில் வருகிறதா, உரிமையாளர்கள் தங்கள் பங்காகப் புதுப் பணம் இடுகிறார்களா என்பது அங்கேதான் முதலில் தெரியவரும். அறிக்கையின் ஆங்கிலம் கடினமாக இருந்தால் அந்தப் பக்கங்களை இங்கே இடுங்கள், வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.